கயானோ 30: கால் தட்டையா, உடம்பு கனமா?

மதுரையில் ஷூக் கடைக்குப் போய், "ஓடுறதுக்கு ஒரு ஷூ வேணும்ணே" என்றால், "கால் தட்டையாண்ணே உங்களுக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றதும் கை நேரே ஆசிக்ஸ் ஜெல்-கயானோ பெட்டிக்குப் போகும்.

2023இல் வந்த கயானோ 30க்கு அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். பழைய கயானோக்களில் பாதம் உள்பக்கம் சாயாமல் இருக்க, அந்தப் பக்கம் கெட்டியான ஃபோமை முட்டுக் கொடுத்திருப்பார்கள். இதில் அது கிடையாது. அடிப்பாகத்தை அகலமாக்கி, உள்வளைவுக்குக் கீழே துள்ளல் கூடின மெத்தென்ற துண்டைச் செருகியிருக்கிறார்கள். உறுத்தாது, வளைவு உள்ள பாதத்துக்கும் ஒத்துப்போகும்.

காலை நனைத்து சிமெண்ட் தரையில் தடம் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். நடுப்பகுதி முழுசாகப் பதிந்தால் தட்டை. ஆனால் அது நிற்கும்போது உள்ள வடிவம். ஓடும்போது கால் எவ்வளவு சாய்கிறது என்பதைச் சொல்லாது. அமெரிக்கப் படைகளில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்தும், காயங்கள் சொல்லும்படி குறையவில்லை. பழைய ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலில் வெளிஓரம் தேய்வது இயல்பு. உள்ஓரம் தேய்ந்து, ஷூவே உள்பக்கம் சாய்ந்து நின்றால் கயானோ வகை தேவைப்படலாம்.

எடைதான் பெரிய விஷயம். குதிகாலில் சுமார் 40 மி.மீ., முன்பாதத்தில் 30 மி.மீ. ஃபோம், ஒரு ஷூ ஏறக்குறைய 300 கிராம். 80 கிலோவுக்கு மேல் இருப்பவர் மெதுவாக நீண்ட தூரம் ஓட நல்ல ஷூ. 55 கிலோக்காரருக்கு இது சுமை. "வெயிட்டா இருக்கீங்க, பஞ்சு மாதிரி எடுங்க" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். லக்சம்பர்க்கில் 800க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், மென்மையான ஷூவின் பலன் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. மிகவும் மெத்தென்ற ஃபோம் கனமான உடம்புக்கு அடிவரை அமுங்கி, பக்கவாட்டில் ஆடும். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை. போட்டு, ஒற்றைக்காலில் நின்று பாருங்கள்.

சாயங்காலம் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டு, நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இன்சோலை (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை) உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் நீளத்தைக் கூட்டாதீர்கள், 2இ (2E) என்ற அகலமான வகையைக் கேளுங்கள். செருப்பிலேயே பழகி விரிந்த காலுக்கு இங்கேதான் தப்பு நடக்கிறது. பெரிய சைஸ் எடுத்தால் குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம்தான் மிச்சம். சைஸ் எண்ணையும் நம்ப முடியாது: யூகே 8 என்பது அடிடாஸில் 26.5 செ.மீ., நைக்கியில் 27. நாக்கில் தைத்த சீட்டில் உள்ள செ.மீ.யைப் பாருங்கள்.

குறை என்றால் சூடு. மேல்துணி தடிப்பு, சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கே சாக்ஸ் நனைந்துவிடும். நனைந்த ஷூவை மொட்டைமாடி வெயிலில் போட்டாலோ வண்டி டிக்கியில் பூட்டி வைத்தாலோ ஃபோம் சுருங்கும், பசை விடும். இன்சோலைக் கழற்றி, செய்தித்தாள் திணித்து நிழலில் காய வையுங்கள்.

ரேஸ்கோர்ஸ் சிந்தெடிக் டிராக்கில் மட்டும் ஓடுபவருக்கு இவ்வளவு தடிமன் வீண். அழகர்கோவில் ரோடு மாதிரி தாரில் ஓடுபவருக்குத்தான் பயன். அங்கேயும் எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால், ரோட்டுச் சரிவில் ஒரு கால் மட்டும் சாயும்; அதற்கு எந்த ஷூவும் பொறுப்பில்லை.

500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும், கனமானவர்கள் 500ஐ ஒட்டியே கணக்கு வையுங்கள். அடுத்த மாடல்களான 31, 32 வந்துவிட்டதால் 30 தள்ளுபடியில் கிடைத்தால் எடுக்கலாம். பெட்டியில் தயாரித்த மாதத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.