பன்னிரண்டாம் அட்டவணையும் தண்ணீர் லாரியும்: எங்கள் பேராசிரியர் பற்றிய மதிப்புரை

பி.ஏ. அரசியல் அறிவியலில் சேரலாமா என்று கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் உள்ள உறவினர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். வட சென்னைக் கல்லூரி ஒன்றில் அதை மூன்றாண்டுகள் படித்தவன் என்ற முறையில், எனக்குக் கற்பித்த பேராசிரியரைப் பற்றி எழுதுவதே அவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று பட்டியலிடப்பட்டுள்ள 18 பணிகளையும் மேடம் ஒருநாள் கரும்பலகையில் எழுதினார். இவற்றில் எவை உண்மையில் சென்னை மாநகராட்சியின் கையில் இருக்கின்றன என்று எங்களையே விசாரித்து வரச் சொன்னார். தண்ணீர் லாரி வராத நாள்களில் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றே பழகிய எங்களுக்கு, குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்பதும், நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தன. மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களை நகராட்சிகளுக்கு 'வழங்கலாம்' என்றுதான் 243-டபிள்யூ பிரிவு சொல்கிறதே தவிர, 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டார், அது வீணாகவில்லை.

கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன, செண்பகம் துரைராஜன் வழக்கின் 1951ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஆங்கில மூலத்திலேயே வரிவரியாகத் தமிழில் விளக்கிப் படிக்க வைத்தார். அந்தச் சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை ஒவ்வொரு 14 இடங்களையும் எப்படிப் பிரித்தது என்பதைப் பலகையில் போட்டு, உங்கள் தாத்தா விண்ணப்பித்திருந்தால் எந்த வரிசையில் நின்றிருப்பார் என்று கேட்டார். அதன்பிறகு, அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தமும், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அது அனுமதித்த 15(4) பிரிவும் எங்களுக்கு வெறும் தேர்வு வினாக்களாக இருக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவர் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதில்லை. பள்ளியில் அதற்கே பழகி வந்தவர்கள் முதல் பருவத்தில் மதிப்பெண் இழப்பார்கள், நானும் இழந்தேன். பன்னாட்டு உறவுகள் தாளை அவர் வேகமாகக் கடந்துவிடுகிறார். பாடத்திட்டக் குழுக் கூட்டங்கள் நடக்கும் மாதங்களில் வகுப்புகள் தவறும். சனிக்கிழமைகளில் ஈடு செய்வார் என்றாலும், வார இறுதியில் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு அது உதவாது. ஆனால் தமிழ்வழி வினாத்தாளில் ஆங்கில வினாவின் பொருளே மாறிப்போகும் மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து, அந்தக் குழுவில் விடாமல் எடுத்துச் சென்றவர் அவர்தான் என்பதால், தவறிய வகுப்புகளை என்னால் குறையாக மட்டும் எண்ண முடியவில்லை.

இரண்டாம் ஆண்டில் அப்பா படகுக்குப் போக முடியாமல் படுத்திருந்த மூன்று மாதங்களும் நான் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை பார்த்தேன். வருகைப்பதிவு குறைந்தபோது மேடம் காரணம் கேட்டார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. குறைந்த வருகைக்கு விலக்குக் கோரும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். எம்.ஏ. சேர்க்கைக்கான என் கட்டுரையின் முதல் வரைவில், ஆதாரம் இல்லாத ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் 'யார் சொன்னது?' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். மொத்தம் பதினொரு இடங்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவரிடம் படிக்கப் போகிறவர்கள் அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். வகுப்பில் அது கையில் இல்லாதவரை அவர் பேச விடுவதில்லை.