பேராயர் ரோமேரோ வீடு, சான் சால்வடோர்: டூர் பேக்கேஜ் வேண்டாம், நேரா போங்க

எல் சால்வடோர் போறவங்க பீச், எரிமலை, காபி தோட்டம்னு பிளான் போட்டுட்டு கடைசில ஒரு அரை நாள் ‘ரோமேரோ டூர்’னு சேர்த்துக்குவாங்க. நாங்களும், அதாவது நான், வீட்டுக்காரர், எங்க அத்தை மூணு பேரும், அப்படி ஒரு பேக்கேஜ்தான் எடுத்தோம். கம்பெனி பேர் வேண்டாம். அந்த டூருக்கு ரெண்டு ஸ்டார். ஆனா அதுல காட்டின இடத்துல ஒண்ணுக்கு மட்டும் அஞ்சு ஸ்டாரும் குடுக்கலாம், அது பேராயர் ஆஸ்கர் ரோமேரோ குடியிருந்த வீடு. திவினா ப்ரொவிதென்சியாங்கற ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ள இருக்கு, ஏழை கேன்சர் நோயாளிகளுக்காக கார்மேல் சபை சிஸ்டர்ஸ் நடத்துற ஆஸ்பத்திரி.

டூர்ல என்ன குறைன்னா, வேன்ல ஏறினதுல இருந்து கைடு பேசினது எல்லாமே 1980 மார்ச் 24, அதாவது சான் சால்வடோர் பேராயரா இருந்த அவரை பூசை வைக்கிறப்பவே சுட்டுக் கொன்ன நாளைப் பத்திதான். யார் சுட்டா, எந்த கார்ல வந்தான், ரத்தம் எங்க கிடந்துச்சு, இவ்ளோதான். 62 வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷனை அந்த ஒரு சாயங்காலத்துக்குள்ள அடைச்சிட்டாங்க. வீட்டுக்குள்ள கால் மணி நேரம்கூட நிக்க விடல, அடுத்து கைவினைப் பொருள் மார்க்கெட் போகணுமாம். எங்க அத்தைக்கு செம கோவம், “இவரு எப்படி ஆயர் ஆனாரு, முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாரு, ஒண்ணுமே சொல்லலையேப்பா”ன்னு கேட்டுட்டே வந்தாங்க. அவங்க கேட்டது நியாயமான கேள்வி, அதனால மறுநாள் டாக்ஸி பிடிச்சு நாங்களே திரும்ப போனோம்.

அவரோட முன்கதை தெரியாம அந்த வீட்டுக்குள்ள போனீங்கன்னா பாதிதான் புரியும், அதனால கொஞ்சம் சொல்லிடறேன். 1917 ஆகஸ்ட் 15ல சியுதாத் பாரியோஸ்னு ஒரு மலை ஊர்ல பொறந்தவர், அப்பா தந்தி ஆபீஸ் பாத்துக்கிட்டவர், பையனை தச்சு வேலை கத்துக்க விட்டிருக்காங்க. 13 வயசுல செமினரி, அப்புறம் ரோம்ல படிப்பு, 1942ல அங்கயே குருப்பட்டம். திரும்பி வந்து சான் மிகேல் மறைமாவட்டத்துல இருபது வருஷத்துக்கு மேல பங்கு வேலை, பத்திரிகை வேலை, ரேடியோ பிரசங்கம். எல்லாத்தையும் ஒழுங்கா செய்யுற, கூச்ச சுபாவம் உள்ள, மேலிடம் சொன்னதை மீறாத சாமியார். 1970ல சான் சால்வடோருக்கு துணை ஆயர் ஆக்கினப்ப, ஏழைகள் பக்கம் நின்னு பேசிட்டிருந்த இளம் குருக்களுக்கு இவரைப் பிடிக்கவே இல்ல, இவருக்கும் அவங்க போக்கு பிடிக்கல.

1974ல சாந்தியாகோ தெ மரியாவுக்கு ஆயரா போனார், முழுக்க காபி தோட்டப் பகுதி. அறுவடைக்கு வந்த கூலிக்காரங்க ராத்திரி குளிர்ல ஊர் சதுக்கத்துல படுத்துக் கிடக்கிறதைப் பாத்துட்டு சர்ச் கட்டடத்தை அவங்களுக்கு திறந்து விட்டிருக்கார். 1975 ஜூன்ல த்ரெஸ் கய்யெஸ் கிராமத்துல தேசிய காவல் படை விவசாயிகளை வீடு புகுந்து கொன்னுச்சு. இவர் போய் அந்தக் குடும்பங்களைப் பாத்து ஆறுதல் சொன்னார், ஆனா வெளில கண்டிச்சுப் பேசல, ஜனாதிபதிக்கு தனிப்பட்ட முறையில ஒரு லெட்டர் எழுதினார், அதோட நிறுத்திக்கிட்டார். என்னைக் கேட்டா அவரோட வாழ்க்கையில ரொம்ப முக்கியமான இடம் இதுதான். அநியாயம் நடந்தா மேல இருக்கறவங்ககிட்ட பதமா எடுத்துச் சொன்னா சரி பண்ணிடுவாங்கன்னு 57 வயசுலயும் மனசார நம்பிட்டிருந்திருக்கார்.

1977 பிப்ரவரி 22ல பேராயரா பதவி ஏத்துக்கிட்டார். பணக்காரக் குடும்பங்களுக்கு சந்தோஷம், குருக்கள்ல நிறைய பேருக்கு வருத்தம். மூணு வாரம்கூட ஆகல, மார்ச் 12ல ருத்திலியோ கிராந்தேங்கற இயேசு சபை ஃபாதரை, அகிலாரெஸ்ங்கற ஊர்ல இருந்து எல் பைஸ்னலுக்கு பூசை வைக்கப் போற வழியில சுட்டுக் கொல்றாங்க, கூட போன ஒரு பெரியவரும் 16 வயசுப் பையனும் செத்தாங்க. 1970ல இவரோட ஆயர் அபிஷேகத்தை முன்னாடி நின்னு நடத்திக் குடுத்ததே அந்த ருத்திலியோதான், நெருங்கின நண்பர். அடுத்த வார ஞாயிறு பேராயர் என்ன பண்ணார்னா, மறைமாவட்டம் முழுக்க எல்லா கோயில்லயும் பூசையை நிறுத்திட்டு கதீட்ரல் முன்னாடி ஒரே ஒரு பூசைன்னு அறிவிச்சார், வத்திக்கான் தூதர் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வந்திருக்காங்க. கொலையை ஒழுங்கா விசாரிக்கிற வரைக்கும் அரசாங்க விழாவுக்கு வரமாட்டேன்னுட்டார், புது ஜனாதிபதி பதவியேற்புக்கும் போகல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தனியா லெட்டர் போட்டவர் இவர்தான்!

இப்ப வீட்டுக்கு வரேன். பேராயர் ஆனதும் பெரிய பங்களா எதுவும் வேண்டாம்னு இந்த ஆஸ்பத்திரி சிற்றாலயத்துல பீடத்துக்குப் பின்னாடி இருந்த சின்ன ரூம்லதான் முதல்ல தங்கியிருக்கார். சிஸ்டர்ஸ் பாத்துட்டு காம்பவுண்டுலயே ஒரு குட்டி வீடு கட்டி 1977ல அவரோட பொறந்தநாளுக்கு குடுத்திருக்காங்க. உள்ள ஒத்தைக் கட்டில், டைப்ரைட்டர், புத்தகங்க, அப்புறம் ஒரு டேப் ரெக்கார்டர். அந்த டேப் ரெக்கார்டர் முன்னாடி அத்தை ரொம்ப நேரம் நின்னாங்க, நானும்தான். 1978 மார்ச்ல இருந்து சாகுறதுக்கு சில நாள் முன்னாடி வரைக்கும் அதுல பேசிப் பேசி டைரி பதிவு பண்ணியிருக்கார், யார் வந்து பாத்தாங்க, எந்த ஆயரோட வாக்குவாதம், ரோம்ல எப்படி நடத்தினாங்கன்னு எல்லாம் அதுல இருக்கு. மத்த ஆயர்கள்ல பெரும்பாலானவங்க அவருக்கு எதிரா நின்னாங்க, அந்தத் தனிமையெல்லாம் இந்த சின்ன ரூம்லதான் நடந்திருக்கு.

இன்னொரு பக்கம் கண்ணாடிக்குள்ள, சுடப்பட்ட அன்னிக்கு அவர் போட்டிருந்த பூசை உடுப்பு. கிட்ட போய் பாருங்க, நெஞ்சுல இடது பக்கம் குண்டு போன ஓட்டை ரொம்பச் சின்னது, நாம நினைக்கிற மாதிரி பெருசா கிழியல, ஆனா துணியில ரத்தம் படர்ந்தது அப்படியே பழுப்பு நிறத்துல காய்ஞ்சு கிடக்கு. எங்களுக்கு சுத்திக் காட்டின சிஸ்டர் வேகமே படல, நாங்க நிக்கற இடத்துலல்லாம் அவங்களும் நின்னாங்க, ஸ்பானிஷ்ல சொல்லி சைகையிலயும் சொல்லி புரிய வச்சாங்க. வெளில அவர் ஓட்டின டொயோட்டா கார் இருக்கு. தோட்டத்துல ஒரு மாதா கெபி இருக்கு, அவரோட உள்ளுறுப்புகளை சிஸ்டர்ஸ் அந்தத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணியிருந்தாங்களாம்.

அங்கிருந்து சிற்றாலயம் நாலு எட்டுதான். சாகுறதுக்கு முந்தின நாள் ஞாயிறு பிரசங்கத்துல பட்டாளத்துக்காரங்களைப் பாத்து, கடவுள் பேரால கேக்குறேன், கெஞ்சுறேன், கட்டளையிடுறேன், இந்த அடக்குமுறையை நிறுத்துங்கன்னு சொன்னார். அந்த ஞாயிறு பிரசங்கங்களை நாடே ரேடியோல கேக்கும், அந்த வாரம் கொல்லப்பட்டவங்க, காணாமப் போனவங்க பேரெல்லாம் அதுல வாசிப்பார், அதனாலயே அந்த ஸ்டேஷனுக்கு பலமுறை குண்டு வச்சாங்க. எல் சால்வடோர் அரசுக்கு ராணுவ உதவி செய்யாதீங்கன்னு அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கு 1980 பிப்ரவரில பகிரங்கமா லெட்டரும் எழுதியிருந்தார். அந்தப் பிரசங்கத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பத்திரிகை ஆசிரியரோட அம்மாவுக்கு வருஷ நினைவு பூசை, கோதுமை மணி மடிஞ்சாதான் பலன் தரும்ங்கற நற்செய்தி, பிரசங்கம் முடிச்ச நேரத்துல வாசல் பக்கம் நின்ன கார்ல இருந்து ஒரே ஒரு குண்டு. வாசல்ல நின்னு பீடத்தைப் பாத்தா நேர் கோடு, நடுவுல எந்த மறைப்பும் கிடையாது. கைடு நூறு தடவை சொன்னதைவிட அந்த வாசல்ல நின்னதுல எல்லாம் புரிஞ்சுச்சு.

கதீட்ரல் கீழ் அறையில கல்லறை. இத்தாலி சிற்பி பாவ்லோ போர்கி செஞ்ச வெண்கலச் சிற்பம், நாலு மூலைல நாலு நற்செய்தியாளர்கள், நெஞ்சு மேல ஒரு சிவப்புக் கல். ஜனங்க வந்து தொட்டுட்டு, பேசிட்டுப் போறாங்க, அது பாக்க நல்லா இருக்கு. இதே கதீட்ரல் வாசல்லதான் 1980 மார்ச் 30 அடக்கப் பூசைல குண்டு வெடிச்சு, துப்பாக்கிச் சூடு நடந்து நிறைய பேர் செத்தாங்க, இதை டூர்ல சொல்லவே இல்ல. கொலைக்கு உத்தரவு போட்டவர் தீவிர வலதுசாரித் தலைவரான முன்னாள் ராணுவ அதிகாரி ராபர்ட்டோ தௌபுயிசோன்னு ஐ.நா. உண்மைக் கமிஷன் 1993ல சொல்லிடுச்சு, அதையும் சொல்லல. ரோம்ல அவரோட புனிதர் பட்ட வேலை வருஷக்கணக்கா நகராமக் கிடந்து, போப் ஃபிரான்சிஸ் வந்த பிறகு 2015ல முத்திப்பேறு (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), 2018 அக்டோபர் 14ல புனிதர்.

நேரம் இருந்தா யூசிஏ பல்கலைக்கழகத்துல இருக்கற ரோமேரோ சென்டருக்கும் போங்க. 1989 நவம்பர் 16ல ஆறு இயேசு சபை குருக்களையும் சமையல் பண்ற அம்மாவையும் அவங்க மகளையும் கொன்ன இடம், அங்க இப்ப ரோஜாத் தோட்டம். அங்க இருக்கற போட்டோ ஆல்பம் எல்லாருக்கும் தாங்காது, சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

போறவங்களுக்கு சில விஷயம். செலவுக்கு டாலர்தான், பணம் மாத்துற வேலை இல்ல. இப்பவும் நோயாளிங்க இருக்கற ஆஸ்பத்திரி, அதனால சத்தமா பேசாதீங்க, காணிக்கையா ஏதாவது போட்டுட்டு வாங்க, அது நோயாளிகளுக்குப் போகும். ஸ்பானிஷ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனா சிஸ்டர்ஸ் இன்னும் நிறைய சொல்லுவாங்க. மார்ச் 24 ஒட்டி போனா கூட்டம் அதிகம், நின்னு நிதானமா பாக்கணும்னா வேற மாசம் பாருங்க. பேக்கேஜ் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், மார்க்கெட்டைத் தூக்கிட்டு எல் பைஸ்னல்ல ருத்திலியோ கல்லறைல இருந்து ஆரம்பிங்க, அப்புறம் வீடு, அப்புறம் சிற்றாலயம்னு கூட்டிட்டுப் போங்கன்னு. பதில் வந்தா இங்கயே அப்டேட் பண்றேன்.