குபோவா, மிதோமாவா? இணையத்தில் யாருக்கு மவுசு அதிகம்

ஜப்பானியக் கால்பந்து வீரர்கள் தாகேஃபுசா குபோ, காவோரு மிதோமா இருவரும் ஜப்பானின் கவாசாகி ஃபிரன்டாலே கிளப்பின் சிறுவர் அணியில் பந்து பழகியவர்கள். இன்று இணையத்தில் இருவருக்கும் ரசிகர் பட்டாளம் உண்டு. ஆனால் அந்தப் புகழ் வந்த வழி வேறு வேறு.

குபோவுக்குப் பேர் முதலில் வந்தது, ஆட்டம் பிறகுதான். 2001-இல் பிறந்தவர், 10 வயதில் பார்சிலோனாவின் பயிற்சிப் பள்ளியான லா மாசியா, சிறார் ஒப்பந்த விதிமீறலுக்காக ஃபிஃபா பார்சிலோனாவைத் தண்டித்ததால் 2015-இல் ஊர் திரும்பல், 2019-இல் ரியல் மாட்ரிட். 'ஜப்பானிய மெஸ்ஸி' என்ற பட்டம் மாட்ரிட் போகும் முன்பே ஒட்டிக்கொண்டது. மாட்ரிட் அவரை மயோர்கா, வியாரியல், கெத்தாஃபே, மறுபடியும் மயோர்கா என்று மற்ற கிளப்புகளுக்கு இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆட்டக்காரருக்கு அது அலைச்சல், இணையத்துக்குத் தீனி. 2022-இல் ரியல் சோசியடாட் கிளப்புக்குப் போனபின், அங்கே முதல் சீசனிலேயே ஸ்பெயினின் முதன்மை லீக்கான லா லிகாவில் 9 கோல். இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் 'எங்கே போகிறார்' என்ற வதந்தி கிளம்பும். ஆட்டமே இல்லாத மாதத்திலும் அவர் பெயர் ஓடுவது அதனால்தான். சரளமான ஸ்பானிஷ் இன்னொரு பலம்: மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேட்டி கொடுப்பதால், துணுக்குகள் ஸ்பெயினிலும் ஜப்பானிலும் ஒரே நாளில் பரவுகின்றன.

மிதோமா விஷயம் தலைகீழ். 1997-இல் பிறந்தவர், 18 வயதில் தொழில்முறை வாய்ப்பை ஒதுக்கிவிட்டு சுகுபா பல்கலைக்கழகம் போனார். சக மாணவர் தலையில் சின்ன கேமரா மாட்டி டிரிப்ளிங் (பந்தைக் காலோடு உருட்டி எதிரியைக் கடப்பது) பற்றி ஆய்வேடு எழுதிய கதை, அவர் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பில் ஜொலித்தபோதுதான் உலகம் முழுக்கப் பரவியது.

2022 உலகக் கோப்பை ஸ்பெயின் ஆட்டத்தைப் பாருங்கள். இடைவேளையில் குபோ வெளியே; உள்ளே வந்தவர்களில் மிதோமாவும் ஒருவர். 51-ஆவது நிமிடம், எல்லைக்கோட்டில் கிட்டத்தட்ட முழுதும் தாண்டிவிட்ட பந்தை மிதோமா காலை நீட்டித் திருப்ப, சக வீரர் தனாகா கோல் அடித்தார். மேலிருந்து எடுத்த ஒரே படம் போதும்: பந்தின் விளிம்பு கோட்டின் மேல் நூலளவு நிற்கிறது, ஆகவே பந்து வெளியேறவில்லை. 'மிதோமாவின் 1 மில்லிமீட்டர்' என்பது ஜப்பானில் சொலவடையே ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை கோல், 2025 பிப்ரவரியில் செல்சிக்கு எதிராகக் கோல்கீப்பர் அனுப்பிய நீளப் பந்தைக் கால் நுனியில் அடக்கிப் போட்டது, எல்லாம் அதே ரகம்: சில விநாடிகள், மொழியே தேவையில்லை.

ஆகவே நீடித்த பேச்சுக்குக் குபோ, ஜப்பானைத் தாண்டிய வீச்சுக்கு மிதோமா. என் ஓட்டு இரண்டாமவருக்கு. வதந்தியால் வரும் பேச்சைவிட ஆட்டத்தால் வரும் பேச்சு கனமானது.

தேடல் அளவை வைத்து இவர்களை ஒப்பிடுவோர் வழுக்கும் இடம் பெயர்தான். 'குபோ' ஜப்பானில் சாதாரணக் குடும்பப் பெயர். மாங்கா ஓவியர் முதல் நடிகர் வரை எல்லோரும் கணக்கில் சேர்ந்து எண்ணிக்கை ஊதும். மிதோமாவுக்கு எதிர்ச் சிக்கல்: பெயரின் இரண்டாவது கான்ஜியில் (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்து) மேலே மூங்கில் குறி வரவேண்டும்; பலர் புல் குறி போட்ட எழுத்தைத் தட்டிவிடுவதால் எண்ணிக்கை இரண்டாகச் சிதறும். தேடல் போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் வெறும் சொல்லைப் போடாமல், கீழே 'கால்பந்து வீரர்' என்று காட்டும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வரும் 0 முதல் 100 வரையிலான எண் ஒப்பீட்டு அளவு மட்டுமே, தேடியவர் தொகை அல்ல. இருவரையும் ஒரே வரைபடத்தில் போட்டால்தான் ஒப்பிட முடியும். அதோடு, யாஹூவில் தேடும் ஜப்பானியர் அதில் வரமாட்டார்கள்.