ஹேஸி ஐபிஏ, ப்ரூட் ஐபிஏ: நின்றதும் ஓய்ந்ததும்

ஐபிஏ என்பது ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூக்கள்) தூக்கலாகச் சேர்த்த பீர் வகை. அதில் இனிப்பே இல்லாத ப்ரூட் ஐபிஏ 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றி, சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. அமைலோகுளுகோசிடேஸ் நொதி டெக்ஸ்ட்ரின்களை (ஈஸ்ட் வழக்கமாகத் தின்னாத மாவுப்பொருள் துண்டுகள்) சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் அதையும் தின்றுவிடும். பீரின் இறுதி அடர்த்தி தண்ணீரின் அளவான 1.000-க்கு, சமயத்தில் அதற்கும் கீழே இறங்கும். இனிப்பே இல்லாததால் சிறு கசப்பும் நாக்கைக் கீறும். 20–30 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) போதும். பலர் இதைத்தான் கோட்டைவிட்டார்கள். நொதியை மால்ட் (முளைகட்டிய தானியம்) ஊறலில் சேர்த்தால் கொதிக்கும்போது செயலிழக்கும். நொதிக்கும் தொட்டியில் சேர்த்தால் அப்படியே நிற்கும். நொதி ஒட்டியிருக்கும் அந்த ஈஸ்டை மறுபடி பயன்படுத்தினால் அடுத்த பீரும் நீர்த்துப்போகும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து பரவிய கலங்கலான ஹேஸி ஐபிஏ இதற்கு நேர் எதிர். ஓட்ஸும் கோதுமையும் 15–30 சதவீதம், தண்ணீரில் சல்ஃபேட்டைப் போல இரு மடங்கு குளோரைடு. லிட்டருக்கு 8–15 கிராம் ஹாப்ஸ், கொதித்து முடிந்த பிறகு. ஆக்சிஜன்தான் இதன் எமன்: நிறம் சாம்பல் பழுப்பாகி, பழமணம் அட்டைப்பெட்டி வாசமாகும். கார்பன் டைஆக்சைடு கொண்டு காற்றை வெளியேற்றாமல் கேனில் அடைக்கவே கூடாது. குளிரில் வைத்தாலும் முதல் சில வாரங்களே ருசி. இத்தனை வம்பு இருந்தும் குடிப்பவர்கள் இதையே கேட்கிறார்கள். மென்மையும் பழச்சுவையும் முதல் வாயிலேயே பிடித்துவிடுகின்றன. ப்ரூட்டுக்கு அந்த வசியம் இல்லை.