பென்-200 பாடமும் ஓஎஸ்சிபி தேர்வும்: எது காசுக்குத் தகும், எங்கே மார்க் போகிறது

ஆஃப்செக் நிறுவனம், அனுமதியோடு கணினிகளுக்குள் ஊடுருவிச் சோதிக்கக் கற்றுத் தரும் பென்-200 பாடத்தையும், அதற்கான ஓஎஸ்சிபி சான்றிதழ் தேர்வையும் சேர்த்தே விற்கிறது. அதனால் பாடத்தை ஒழுங்காகப் படித்து முடித்தால் தேர்வு தானாகக் கைக்கு வந்துவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. அப்படி வராது. பாடத்தில் ஒவ்வொரு உத்தியும், அது பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த மெஷினில் (ஊடுருவ வேண்டிய கணினியில்) வைத்துச் சொல்லித் தரப்படுகிறது. தேர்வில் எந்த உத்தி என்று சொல்ல ஆள் இல்லை. பலிக்காத வழியைச் சீக்கிரம் அடையாளம் கண்டு விலகத் தெரிந்தவர்தான் ஜெயிக்கிறார். அந்தப் பழக்கம் லேபில், அதாவது பாடத்தோடு கிடைக்கும் பயிற்சி மெஷின்களில்தான் வரும். கொடுக்கிற காசுக்கான மதிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தேர்வின் கணக்கு. 23 மணி 45 நிமிடம் மெஷின்களோடு மல்லுக்கட்ட, அது முடிந்ததும் ரிப்போர்ட் எழுதி அனுப்ப இன்னும் 24 மணி நேரம். மொத்தம் 100 மதிப்பெண், தேற 70. தனி மெஷின்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 20: உள்ளே நுழைந்தால் 10, அட்மின் அல்லது ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) ஆனால் இன்னொரு 10. மூன்று மெஷின் கொண்ட ஆக்டிவ் டைரக்டரி (ஏடி: அலுவலக நெட்வொர்க்கின் விண்டோஸ் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) செட்டுக்கு மீதி 40. 2024 நவம்பர் 1 முதல் இந்த ஏடி செட்டுக்கு ஒரு சாதாரண யூசர் நேமும் பாஸ்வேர்டும் அவர்களே கையில் கொடுத்துவிடுகிறார்கள். மார்க் 10, 10, 20 என்று பிரிந்து வருகிறது. முன்பு முழு செட்டையும் முடித்தால்தான் 40, இல்லாவிட்டால் சுழியம். அதே தேதியில் லேப் பயிற்சிக்குக் கிடைத்து வந்த 10 போனஸ் மதிப்பெண்ணும் போய்விட்டது. தேறியவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் ஓஎஸ்சிபியோடு, 3 ஆண்டில் காலாவதியாகும் ஓஎஸ்சிபி பிளஸ்ஸும் சேர்ந்து கிடைக்கிறது. ஆகவே, போனஸையோ முன்பு இருந்த 25 மார்க் பஃபர் ஓவர்ஃப்ளோ (நினைவகப் பிழையைப் பயன்படுத்தும் தாக்குதல்) மெஷினையோ நம்பித் திட்டம் போடச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை ஒதுக்கி வையுங்கள்.

கூட்டிப் பார்த்தால் ஏடி முழுதாக விழுந்தால் 40, மூன்று தனி மெஷினிலும் உள்ளே மட்டும் நுழைந்தால் 30, மொத்தம் 70. தனி மெஷின்கள் ஒன்றில்கூட ரூட் ஆகாமலே தேறலாம். மாறாக ஏடி கைவிட்டால், மூன்றையும் முழுதாக முடித்தாலும் 60தான். ஏடியில் ஒரு மெஷினாவது விழுந்தாக வேண்டும். ஆகவே படிப்பு நேரத்தில் பாதியை ஏடிக்கு ஒதுக்கினால் தப்பில்லை.

பாடத்தின் எழுத்து நன்றாகவே இருக்கிறது. வீடியோக்கள் பெரும்பாலும் அதே விஷயத்தைத்தான் திரும்பச் சொல்கின்றன; இரண்டையும் முழுக்கப் பார்ப்பது நேர விரயம். விண்டோஸ், லினக்ஸ் பிரிவிலேஜ் எஸ்கலேஷன் (சாதாரண கணக்கிலிருந்து அட்மின் ஆவது), பாஸ்வேர்ட் தாக்குதல், போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு மெஷின் வழியாக இன்னொன்றுக்கு இணைப்பைக் கடத்துவது), கடைசிப் பகுதியில் வரும் மூன்று ஏடி பாடங்கள் ஆகியவற்றை வரி விடாமல் செய்யுங்கள். கிளவுட் பாடங்கள் வேலைக்கு உதவும், தேர்வு முடிந்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

சேலஞ்ச் லேப்களில் (பாடத்தோடு வரும் பயிற்சி நெட்வொர்க்குகளில்) செக்யூரா சின்னது, சூடேற்ற ஏற்றது. மெட்டெக், ரெலியா இரண்டும் பெரிய நெட்வொர்க்குகள். கிடைத்த ஒரு பாஸ்வேர்டை எங்கெல்லாம் முயன்று பார்க்க வேண்டும் என்பதை இவை போலக் கற்றுத் தருபவை குறைவு. ஸ்கைலார்க் தேர்வின் தரத்தைத் தாண்டியது, நேரம் இருந்தால் மட்டும். ஓஎஸ்சிபி ஏ, பி, சி மூன்றும்தான் பொக்கிஷம்: ஒவ்வொன்றிலும் மூன்று ஏடி, மூன்று தனி என ஆறு மெஷின், தேர்வின் அதே அச்சு. இவற்றைக் குறிப்பு பார்த்துப் பார்த்துச் செய்து வீணாக்காமல் கடைசிக்கு வைத்திருங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று, தேர்வு நேரக் கணக்கிலேயே உட்கார்ந்து செய்தால்தான் பயன்.

இந்த மூன்றிலும் ஏடியின் முதல் மெஷின் மட்டுமே நாம் தாக்கப் பயன்படுத்தும் காலி லினக்ஸ் கணினியிலிருந்து எட்டும். மற்ற இரண்டும் உள் நெட்வொர்க்கில் இருக்கும். அங்கே போக முதல் மெஷின் வழியாக ஒரு டனல் (இணைப்புப் பாதை) வேண்டும், ஆட்கள் அதிகம் சிக்குவதும் இங்கேதான். சிசல் என்ற டனல் கருவியில் சாக்ஸ் பிராக்ஸி (இடைத்தரகு இணைப்பு) வைத்து, பிராக்ஸிசெயின்ஸ் வழியாக என்மேப் என்ற போர்ட் தேடும் கருவியை ஓட்டினால் சின் ஸ்கேன் (இணைப்பைப் பாதியில் விட்டுவிடும் ஸ்கேன்) வேலை செய்யாது. முழு டிசிபி கனெக்ட் ஸ்கேன், அதுவும் பிங் இல்லாமல் ஓட்ட வேண்டும். ஆமை வேகம்தான். லிகோலோ-என்ஜி என்ற இன்னொரு டனல் கருவி போட்டால் உள் நெட்வொர்க் நம் ரவுட்டிங் டேபிளில் (பாதைப் பட்டியலில்) ஒரு பாதையாகவே வந்துவிடும், பிராக்ஸி தொல்லை இல்லை. ஆனால் ஒன்று: உள் மெஷினிலிருந்து ரிவர்ஸ் ஷெல் (பிடித்த மெஷின் தானே நமக்குத் திரும்ப இணைந்து தரும் கட்டளைத் திரை) நம் காலி ஐபிக்கு நேராக வராது, நம்மிடம் வர அந்த மெஷினுக்கு வழி தெரியாது. லிகோலோவில் ஒரு லிசனர் (முதல் மெஷினில் காத்திருந்து, வரும் இணைப்பை நமக்கு அனுப்பும் போர்ட்) சேர்த்து, முதல் மெஷினின் உள் ஐபியையும் அந்த போர்ட்டையும் பேலோடில் (அங்கே ஓட நாம் அனுப்பும் நிரலில்) கொடுக்க வேண்டும். ஃபைல் டவுன்லோடுக்கும் இதே போல இன்னொரு லிசனர். பேலோடில் காலி ஐபியையே போட்டுவிட்டு ஷெல் ஏன் வரவில்லை என்று ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்தத் தேர்வின் தேசியப் பழக்கம்.

ஏடியில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் இன்னொரு சிக்கல். காலியின் கடிகாரம் ஏடியின் தலைமை சர்வரான டொமைன் கன்ட்ரோலரோடு (டிசி) 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் டிக்கெட் (நுழைவுச் சீட்டு) கிடைக்காது, கிளாக் ஸ்க்யூ பிழை வரும். நேரத்தை டிசியோடு ஒத்திசைத்தால் தீர வேண்டும். தீராவிட்டால், காலியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் சர்வீஸ் நேரத்தைப் பழையபடி இழுத்துவிடுவது காரணமாக இருக்கலாம். அதை நிறுத்திவிட்டு மறுபடி ஒத்திசையுங்கள். ஹாஷை (பாஸ்வேர்டின் உருமாறிய வடிவத்தை) உடைக்கும் ஹாஷ்கேட் கருவியில் தர வேண்டிய வகை எண்கள்: கெர்பரோஸ்டிங் ஹாஷுக்கு 13100, ஏஎஸ்-ரெப்புக்கு 18200, நெட்என்டிஎல்எம் இரண்டாம் பதிப்புக்கு 5600, வெறும் என்டிஎல்எம்முக்கு 1000. இவற்றை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஏடியில் முறை என்பது ஒரு சுற்று. புதிதாக எந்த பாஸ்வேர்டு, ஹாஷ் கிடைத்தாலும் நெட்எக்ஸெக் கருவி கொண்டு எல்லா மெஷினிலும் எஸ்எம்பி, வின்ஆர்எம், ஆர்டிபி, எம்எஸ்எஸ்க்யூஎல் ஆகிய நான்கு சேவைகளிலும் முயலுங்கள். அதே கணக்கை லோக்கல் (அந்த மெஷினுக்கு மட்டுமான) கணக்காகவும் ஒரு முறை முயலுங்கள். இந்த இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். ஒரு மெஷினில் அட்மின் ஆனதும் அடுத்ததற்குப் பாயாமல் நினைவகத்திலுள்ள பாஸ்வேர்டுகளை எடுக்கும் மிமிகாட்ஸை ஓட்டி, பவர்ஷெல் ஹிஸ்டரி, யூசர்களின் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் எல்லாம் துழாவிவிட்டு நகருங்கள். அடுத்த கதவின் சாவி பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

தனி மெஷின்களில் தோல்விக்குப் பெரும்பாலும் காரணம் எனுமரேஷன் (மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று துழாவுவது) குறைவு. 65535 டிசிபி போர்ட்டும் ஸ்கேன் ஆக வேண்டும். வேகத்தை அதிகம் கூட்டினால் விபிஎன்னில் பாக்கெட் விழுந்து திறந்த போர்ட்டே கண்ணில் படாது, ஆகவே வேகம் குறைத்து இன்னொரு முறை. யுடிபி போர்ட்களை விட்டுவிடக் கூடாது, முக்கியமாக 161: நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி அங்கேதான் இருக்கும். அதைப் படிக்கும் எஸ்என்எம்பி-வாக்கை ஓஐடி (தகவல் இருக்கும் கிளையின் எண்) எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் 1.3.6.1.2.1 என்ற கிளையை மட்டும்தான் நடந்து காட்டும். கட்டளைகளும் சில சமயம் பாஸ்வேர்டுகளும் இருக்கும் எக்ஸ்டெண்ட் பகுதி 1.3.6.1.4.1.8072-க்குக் கீழே இருக்கிறது. அதைத் தனியாகக் கேட்காதவர்கள் "எஸ்என்எம்பியில் ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எக்ஸ்ப்ளாய்ட் (ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல்) சரி, ஷெல் மட்டும் வரவில்லை என்றால் முதலில் போர்ட்டைச் சந்தேகியுங்கள். 4444 போர்ட்டுக்கு வெளியே இணைப்பு விடாத மெஷின்கள் உண்டு. 80, 443, இல்லாவிட்டால் அந்த மெஷினிலேயே திறந்திருக்கும் ஒரு போர்ட் எண்ணை முயலுங்கள். ஷெல் வந்து பாதியில் உறைந்தால் விபிஎன்னுக்கான டன்0 இன்டர்ஃபேஸின் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 1250-க்கு இறக்கிப் பாருங்கள். விண்டோஸில் செஇம்பர்சனேட் உரிமை (வேறு கணக்காக நடிக்கும் அனுமதி) இருந்தும், அதை வைத்து முழு அதிகாரம் பெற்றுத் தரும் பிரின்ட்ஸ்பூஃபர் கருவி தோற்றால் பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் அதே வேலைக்கான காட்பொட்டேட்டோ, அதுவும் அந்த மெஷினின் டாட்நெட் பதிப்புக்கு ஏற்றது. லினக்ஸில் ஜிலிப்சி (அடிப்படை நூலகம்) பதிப்பு இல்லை என்ற பிழை வந்தால் புது காலியில் கம்பைல் செய்ததுதான் காரணம். ஸ்டாடிக்காக, அதாவது நூலகங்களை உள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்தால் பெரும்பாலும் ஓடும்.

விதிமுறைகளை வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும். மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற தயார் நிலைத் தாக்குதல் கருவியை ஒரே ஒரு மெஷினில்தான் பயன்படுத்தலாம். அங்கே தோற்றாலும் வாய்ப்பு கழிந்தது. அதன் ஷெல்லான மீட்டர்பிரெட்டருக்கும் இதே கணக்கு. வரும் ஷெல்லை வாங்கும் மல்டி ஹேண்ட்லருக்கும் பேலோடு உருவாக்கும் எம்எஸ்எஃப்-வெனத்துக்கும் தடை இல்லை. தானாக ஓட்டை தேடும் எஸ்க்யூஎல்மேப், நெஸ்ஸஸ், பர்ப் புரோ, கூடவே ஏஐ சாட்பாட் எல்லாம் தடை. நெட்வொர்க்கில் ஹாஷ் பிடிக்கும் ரெஸ்பாண்டர் ஓடலாம், பாய்சனிங் (பொய்ப் பதில் அனுப்பி மற்ற மெஷின்களை ஏமாற்றுவது) கூடாது. அட்மின் ஆகும் வழி தேடும் லின்பீஸ், வின்பீஸுக்குத் தடை இல்லை. கண்காணிப்பாளர் வெப்கேமிலும் ஸ்கிரீனிலும் பார்த்துக்கொண்டே இருப்பார். சொல்லிவிட்டு எழுந்து போகலாம், தூங்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை, 20 மணி நேரம் விழித்திருந்து கடைசியில் எளிய விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள். ஒரு மெஷினில் 90 நிமிடம் புதிதாக எதுவும் கிடைக்காவிட்டால் மாறிவிடுவது, ஆறு மணி நேரமாவது தூங்குவது, இரண்டும் எந்தக் கருவியைவிடவும் மார்க் தரும்.

யாருக்கு இது வேண்டாம்? எஸ்ஓசி (தாக்குதலைக் கண்காணித்துத் தடுக்கும் குழு) பக்கம் போகிறவர்களுக்கு இதன் பெரும்பகுதி தேவைப்படாது. இடிஆர் (கணினியில் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு மென்பொருள்) தாண்டுவதைக் கற்க நினைப்பவர்களுக்கும் இது ஏமாற்றம்தான்; அதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. 90 நாள் லேபும் ஒரு தேர்வு வாய்ப்பும் கொண்ட பண்டிலை, நெட்வொர்க்கிங்கும் லினக்ஸும் முன்பே கைவந்தவர்கள் வாங்கலாம். முழுநேர வேலையோடு அடிப்படையிலிருந்து தொடங்குபவர்களுக்கு அது இறுக்கம். ஓராண்டும் இரண்டு வாய்ப்பும் தரும் லேர்ன் ஒன் சந்தா பொருந்தும். அல்லது ஆஃப்செக்கின் தனிப் பயிற்சித் தளமான புரூவிங் கிரவுண்ட்ஸ் பிராக்டிஸில் ஐம்பது மெஷின் முடித்துவிட்டுப் பிறகு 90 நாளை வாங்குங்கள். செலவு குறைவது இந்த வழியில்தான்.

கடைசியாக ரிப்போர்ட். 70 மார்க் எடுத்தும் தோற்க வைப்பது இதுதான். மெஷினுக்குள் நுழைந்ததற்கான சான்று (ஃபிளாக்) இருக்கும் லோக்கல்.டிஎக்ஸ்டி, ப்ரூஃப்.டிஎக்ஸ்டி இரண்டையும் ஊடாடும் ஷெல்லில் திறந்து, அதே ஸ்கிரீன்ஷாட்டில் ஐபி முகவரியும் தெரிய எடுக்க வேண்டும். வெப் ஷெல்லில் எடுத்த படத்துக்கு மார்க் கிடையாது. ஃபிளாக்கைத் தேர்வு நேரம் முடிவதற்குள் கன்ட்ரோல் பேனலிலும் பதிய வேண்டும். ரிப்போர்ட்டில் மட்டும் இருந்தால் போதாது. படிகளைப் படிப்பவர் அப்படியே செய்து அதே இடத்துக்கு வரும்படி எழுதுங்கள். எக்ஸ்ப்ளாய்ட்டைத் திருத்தியிருந்தால் மூலத்தின் முகவரி, திருத்திய வரிகள், திருத்தியதன் காரணம் மூன்றும் வேண்டும். பிடிஎஃப்பை 7இசட்டாகச் சுருக்கி, பாஸ்வேர்டு போடாமல், அவர்கள் சொன்ன ஃபைல் பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்து, 200 எம்பிக்குள் அனுப்ப வேண்டும். அப்லோட் ஆனதும் பக்கத்தில் ஒரு எம்டி5 மதிப்பு (ஃபைலின் கைரேகை போன்றது) வரும். உங்கள் ஃபைலின் மதிப்போடு ஒப்பிட்டுவிட்டு சப்மிட் பட்டனையும் அழுத்துங்கள். அப்லோட் முடிந்ததே சமர்ப்பித்தது ஆகாது.