ஆப் டாக்ஸி விபத்து இழப்பீடு: சேலத்தில் எந்த வழி தேறும்?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆப் டாக்ஸி மோதினால், காயம்பட்ட பயணிக்கு இரண்டு வழிகள்: செயலி தரும் பயணக் காப்பீடு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்.

செயலிக் காப்பீடு சின்னக் காயத்துக்குக் கைகொடுக்கும். ஊனம், வருமான இழப்பு என்று வந்தால் பற்றாது. ‘கேன்சல் பண்ணிட்டு கையில குடுங்க’ என்ற டிரைவர் பேச்சுக்கு இணங்கினால் அதுவும் போச்சு. தீர்ப்பாய உரிமை மட்டும் போகாது.

தீர்ப்பாயம் மெதுவாகத்தான் நகரும், ஆனால் தொகை கனமானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். 164-இல் அது வேண்டாம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், அதோடு சரி. 6 மாதத்துக்குள் மனு போடுவதே பத்திரம். வசிக்கும் ஊரிலேயே போடலாம், ஓசூர்க்காரர் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை.

சொதப்புவது பெரும்பாலும் காகிதத்தில். அரசு மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலில் வெறுமனே ‘கீழே விழுந்தார்’ என்று பதிவானால், காப்பீட்டு நிறுவனம் அதையே பிடித்துக்கொள்ளும். வண்டி எண்ணோடு சொல்லி எழுதவையுங்கள். பயண ரசீது ஸ்கிரீன்ஷாட், எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும்; டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், சம்பளச் சான்று எல்லாம் அசலாக வேண்டும். ஊனச் சதவீதம் மருத்துவக் குழு மூலம் வந்தால் நன்றாக எடுபடும்.

வெள்ளை போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) பைக் டாக்ஸி என்றால் கூடுதல் தலைவலி: வாடகை ஓட்டம் பாலிசியில் இல்லை என்று வாதிடுவார்கள். வண்டி உரிமையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள்.