புயலில் பெய்த பனியை அளக்கப் பலகையா, மழைமானியா, மீயொலிக் கருவியா?

1997 ஜனவரி 11, 12 தேதிகளில், நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே உள்ள மான்டேக் என்ற சிற்றூரில், 24 மணி நேரத்தில் 77 அங்குலம் பனி பொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான 75.8 அங்குலத்தை அது மிஞ்சியிருந்தும், ஆய்வுக் குழு அதைச் சாதனையாக ஏற்கவில்லை. 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் அளந்து கூட்டக் கூடாது என்பது விதி. அங்கே ஆறு அளவுகள் கூட்டப்பட்டிருந்தன.

அந்த விதிக்குக் காரணம் பனியின் இயல்பிலேயே இருக்கிறது. விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கிக்கொண்டே போகிறது. ஆகவே மணிக்கு ஒருமுறை அளந்து துடைத்துவிட்டுக் கூட்டினால் தொகை பெருகும்; நாளுக்கு ஒருமுறை மட்டும் அளந்தால் அதே பனி குறைவாகத் தெரியும். ஆறு மணி நேர இடைவெளி இவ்விரண்டுக்கும் நடுவே எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு. எந்தக் கருவியை எடுத்தாலும், இந்த இடைவெளியைக் காப்பதே துல்லியத்தின் பெரும்பங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிதாக விழுந்த பனியின் உயரத்தை அறிய, வெயிலை உறிஞ்சாதபடி வெள்ளை வண்ணம் பூசிய ஒட்டுப்பலகைக்கும் பத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை காட்டும் அளவுகோலுக்கும் ஈடான வழி இல்லை. கட்டடத்துக்கும் மரத்துக்கும் எட்ட, காற்று பனியைக் குவிக்காத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

எட்டங்குல மழைமானி, புனலையும் உள்குழாயையும் கழற்றிவிட்டால், பனியைப் பிடித்து உருக்கி நீரளவைத் தருகிறது. வெள்ள முன்னறிவிப்புக்கு அது இன்றியமையாதது. ஆனால் காற்று பலமாக வீசும்போது செதில்கள் வாயைத் தாண்டிப் பறந்துவிடுவதால், காற்றுத் தடுப்பு இல்லாத மானி பாதிக்கு மேலும் இழக்கக்கூடும். அந்த நீரளவைப் பத்தால் பெருக்கி உயரம் சொல்வதும் பிழையே. ஏரிக்காற்று கொண்டுவரும் உலர்ந்த பனியில் ஓர் அங்குல நீருக்கு 20 அங்குலத்துக்கு மேலும் பனி இருக்கும். மானியைக் கவிழ்த்துப் பலகையில் உள்ள பனியை வெட்டியெடுத்து உருக்குவது இதைவிட நம்பகமானது.

மேலிருந்து மீயொலியை அனுப்பி, அது பனியில் பட்டு எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் மீயொலிக் கருவி இரவிலும் ஓயாமல் வேலை செய்யும். எனினும் ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறுவதால் அதற்குத் திருத்தம் தேவை. மேலும் அது காட்டுவது கிடக்கும் பனியின் உயரத்தை. அமுங்கியது எவ்வளவு, புதிதாக விழுந்தது எவ்வளவு என்று அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், பலகைக்கு மாற்றாக அன்று.

பலகைக்கும் ஓர் ஆபத்து உண்டு. வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் 2016 ஜனவரிப் புயலின்போது பலகையே பனிக்குள் மறைந்துபோனது. அங்கே பதிவான 17.8 அங்குலம் பெரும் சர்ச்சைக்குள்ளானது. பலகையின் அருகே உயரமான கொடிக்கம்பு ஒன்றைப் புயலுக்கு முன்பே நட்டுவைக்க வேண்டும்.